அடித்தட்டில் அறுந்த கேபிள்

கதை விடுகிறான் என்று நினைப்பவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிவிடலாம். பேய் என்றால் சிரிக்கிற ஆள்தான் நானும். இது போன வருடம் ஒரு செவ்வாய்க்கிழமை, பட்டப்பகலில் எனக்கே நடந்தது.

படகுகளில் மீன் காட்டும் கருவியைப் பழுது பார்ப்பது என் தொழில். துறையில் கட்டிக்கிடந்த ஒரு படகில் அந்தக் கருவியின் திரை வேலை செய்யவில்லை. அடித்தட்டில் கேபிள் அறுந்திருப்பதாகப் படகுக்காரர் சொன்னார். எப்படி அறுந்தது என்று கேட்டேன். அடித்தட்டுப் பொந்தின் மூடியை நிமிர்த்தி வைத்துவிட்டு நகர்ந்துவிட்டார். கூட இறங்கி வந்து இடத்தைக் காட்டவும் இல்லை.

என் கூட்டாளி என் மச்சான். அவனுக்குத் தொப்பை. அதனால் பொந்துக்குள் நுழைகிற வேலையெல்லாம் எப்போதும் என் தலையில்தான் விழும். பேட்டரி இறங்கியிருந்ததால் எஞ்சினை ஓடவிட்டிருந்தார்கள். அந்த இரைச்சலில் தொண்டை கிழியக் கத்தினாலும் மேலே கேட்காது. அதற்கு எங்களுக்குள் ஒரு பழக்கம் உண்டு. திரை வந்ததும் மேலே இருப்பவன் தளத்தை இரண்டு முறை தட்டுவான்.

மதியம் 2:10. வாயில் டார்ச்சைக் கவ்விக்கொண்டு குப்புறப் படுத்து ஊர்ந்தேன். ஒருவர் மட்டுமே கிடக்கக்கூடிய அகலம். திரும்பவும் முடியாது. டீசல் நாற்றம் வேறு.

கேபிளைக் கண்டுபிடித்தேன். கத்தியால் வெட்டப்பட்டிருந்தது. பக்கத்திலேயே மூன்று இடங்களில் பாதி வெட்டு. யாரோ இருட்டில் தடவித் தடவி வெட்டியது போல...

நிறம் பார்த்து ஒயர்களை இணைக்க ஆரம்பித்தேன். மொத்தம் நான்கு.

2:25. இரண்டு ஒயர்தான் முடிந்திருந்தது.

தட்... தட்.

அதற்குள் எப்படித் திரை வரும்? மச்சானின் குறும்பு என்று மனதுக்குள் திட்டிவிட்டு வேலையைத் தொடர்ந்தேன். ஆனால் அந்தச் சத்தம் மேலிருந்து வந்த மாதிரி இல்லை.

2:40. நான்கும் முடிந்தது. இப்போது மேலே தட், தட். அப்பாடா என்றிருந்தது.

2:43. டமார்...

பின்னால் வெளிச்சம் போய்விட்டது. மூடி விழுந்திருந்தது. அடுத்து, வெளித் தாழ்ப்பாள் போடும் சத்தம்.

கால்களால் பின்னுக்கு நகர்ந்து மூடியை உதைத்தேன். அசையவில்லை. கத்தினேன். எஞ்சின் என் குரலை விழுங்கியது. காற்று கனத்தது. செத்துவிடுவேன் என்று பயந்தேன். அப்படியே சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை.

2:58. ஒரு யோசனை வந்தது. கேபிளை வெட்டினால் மேலே திரை அணையும். மச்சான் என்னவென்று பார்க்க இறங்கி வருவான்.

மறுபடி முன்னால் ஊர்ந்து கட்டரை ஒயரில் வைத்தேன்.

என் மணிக்கட்டை ஒரு கை பிடித்தது.

வறண்ட கை. விரல்களில் தோல் சொரசொரத்தது.

என் பக்கத்தில் யாரும் படுக்க இடமே இல்லை...

காதருகே காய்ந்த குரல்.

"வெட்டாதீங்க. யாரும் வர மாட்டாங்க."

டார்ச் வாயிலிருந்து விழுந்தது.

இருட்டு.

மூச்சுச் சத்தம்... என்னுடையது மட்டும் இல்லை.

3:05க்கு மூடி திறந்தது. காலைப் பிடித்து வெளியே இழுத்தவர் படகுக்காரர். "ஆள் மேல வந்துட்டாரா?" என்று மச்சானிடம் கேட்டவர், இல்லை என்றதும் பதறி ஓடிவந்தாராம். அதுவரை இருவரும் திரை முன்னால்தான் நின்றிருக்கிறார்கள். படகில் வேறு ஆளே இல்லை.

மூடியை யார் பூட்டியது என்று அவர் சட்டையைப் பிடித்தேன். அப்போதுதான் சொன்னார். இரண்டு மாதம் முன்பு பம்ப் ஒயரைச் சரிசெய்ய ஒரு எலக்ட்ரீசியன் அதற்குள் இறங்கியிருக்கிறார். அவர் வேலை முடித்துப் போய்விட்டார் என்று நினைத்து, மூடியைப் பூட்டிவிட்டுக் கடலுக்குக் கிளம்பிவிட்டார்கள்.

"ரெண்டு மணி நேரத்துல திரை அணைஞ்சுது," என்றார்.

"போய்ப் பாக்கலையா?"

"கரைக்குப் போய்ப் பாத்துக்கலாம்னு விட்டுட்டேன்."

அவர்கள் கரைக்கு வந்தது ஐந்தாம் நாள்.