கைப்பிடியில் சுற்றிய பனியன் துணி

நல்லான் முதன்முதலாக என் கடைக்கு வந்தபோது சட்டைக்குப் பித்தானே போடவில்லை. என்னடா இந்தத் திமிர் என்று நினைத்தேன். பித்தானைப் பிடிக்க அவர் விரல்களுக்கு முடியவில்லை என்பது பேச்சுக் கொடுத்த பிறகுதான் தெரிந்தது.

பல்லடத்தில் மரம் அறுக்கிற மெஷின் விற்று, பழுதும் பார்க்கிறவன் நான். நல்லான் பதினோரு வருஷமாக அருள்புரத்துச் சாயப்பட்டறை பாய்லர்களுக்கு விறகு அறுத்துக் கொடுப்பவர். நாள் முழுக்கப் பழைய மெஷின் அதிர்ந்து அதிர்ந்து இரண்டு கையும் மரத்துப் போயிருந்தது.

"சோத்தப் பெசஞ்சா சூடு தெரியலீங்க தம்பி. மவ நர்சிங் முடிக்க இன்னும் ரெண்டு வருசம் இருக்குது. அதுவரைக்கும் கை தாங்கோணும். அதுக்குத் தக்கன ஒண்ணு குடுங்க" என்றார்.

சொல்லிவிட்டு, இருப்பதிலேயே பெரிய மெஷினைத் தூக்கினார்.

"அது எதுக்குங்ண்ணா? தொடை மொத்தத்து வெறகுக்குச் சங்கிலி ஓடுற பார் பதினெட்டு இஞ்ச் இருந்தாத் தாராளம். கனம் கூடுனா கைதான் சாவும்" என்று சின்னதை எடுத்து வைத்தேன். கைப்பிடிக்குள் ஸ்பிரிங் வைத்தது, அதிர்வு குறைவு. கைப்பிடிக்கு முன்னால் இருந்த தடுப்பையும் காட்டினேன். மெஷின் மேலே எகிறினால் மணிக்கட்டு இடித்து அது முன்னால் சாயும், சங்கிலி அந்த நொடியே நின்றுவிடும்.

அவர் அதைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். "நம்மளக் காப்பாத்துமுங்களா?"

"காப்பாத்துமுங்க."

இரண்டு மாதம் கழித்துச் சங்கிலி தீட்டக் கொண்டுவந்தார். கைப்பிடி முழுக்கப் பனியன் கம்பெனியில் வெட்டி மிஞ்சுகிற கட்டிங் வேஸ்ட் துணி சுற்றியிருந்தது. எங்கள் ஊரில் பைக் ஹேண்டிலில் இருந்து கடப்பாரை வரை அந்தத் துணி சுற்றாத பொருள் எது? மெத்தென்று பிடிக்கலாம், அதிர்வு அடங்கும். ஆனால் முன்தடுப்பையும் கைப்பிடியோடு சேர்த்து இறுக்கிக் கட்டியிருந்தார். நான் அதைப் பார்த்தேன். பார்க்கவில்லை என்று இதுவரை யாரிடமும் பொய் சொன்னதில்லை. அன்றைக்குக் கடையில் கூட்டம். "நல்ல ரோசனைங்ண்ணா" என்று சிரித்துவிட்டு, சங்கிலியை மட்டும் தீட்டிக் கொடுத்தேன். நாசமாய்ப் போன வாய்.

அடுத்த வாரம் குண்டடத்தில் ஒரு தோட்டத்து வேலியோரம் நின்ற வேப்பமரம். எந்தக் காலத்திலோ அதில் முள்கம்பியை ஆணியடித்து விட்டிருக்கிறார்கள். மரம் பருத்துக் கம்பியை முழுங்கிவிட்டது, வெளியே ஒன்றும் தெரியவில்லை. சங்கிலி கம்பியில் பட்டதும் மெஷின் எகிறியது. தடுப்பு அசையவில்லை. விறகு அடுக்கிக்கொண்டிருந்த அவர் மனைவி வேலாத்தாள் ஓடி வருவதற்குள் இடது முழங்கைக்குக் கீழே வேலை முடிந்திருந்தது.

நாலு மாதம் கழித்துப் போன திங்கட்கிழமை நல்லான் வந்தார். சட்டைப் பித்தான் எல்லாம் போட்டிருந்தார், வேலாத்தாள் போட்டுவிட்டிருப்பாள். அந்த மெஷினை மேசைமேல் வைத்தார். ரத்தம் காய்ந்த துணியை நான் பிளேடால் அறுத்தேன். தடுப்பைத் தள்ளினேன். சங்கிலியை டக்கென்று பிடித்தது.

"மெசின் நல்லாத்தான இருக்குது?"

"நல்லா இருக்குதுங்ண்ணா." அறுத்த துணியைச் சுருட்டி மேசைக்குக் கீழே தள்ளினேன்.

"அப்ப இத எடுத்துக்கிட்டு, ஒத்தக் கையில புடிக்கற மாதிரி ஒண்ணு குடுங்க தம்பி. பாப்பா படிப்பு முடிய இன்னும் ஒரு வருசத்துக்கு மேல கெடக்குது."

இன்னும் விற்காத, கிளை கழிக்கிற சின்ன மெஷின் ஒன்று எனக்குப் பின்னால் சுவரில் தொங்கியது. அவர் கண் அதன்மேல்தான் இருந்தது.

"அது வித்துப் போச்சுங்ண்ணா" என்றேன்.

"செரி, காசு கட்டுனவரு வராட்டி ஒரு போன் பண்ணுங்க" என்று பெஞ்சில் உட்கார்ந்தார்.

சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தார்.