இயந்திரத்தைத் தொட்டுக் கும்பிட்டவர்

நீதிமன்ற மொழிபெயர்ப்பாளன் என்பவன், அறையில் உள்ள எல்லாரையும்விட அதிகமாகப் பேசியும், தன் கருத்தென்று ஒரு சொல்லும் சொல்லக்கூடாதவன். ஊரில் தமிழாசிரியனாக இருந்த எனக்கு, தொண்ணூறுகளில் ஜேர்மனியின் எசன் நகரில் அந்தத் தொழில் வாய்த்தது. உறவினருக்காக டொக்டரிடமோ வெளிநாட்டவர் அலுவலகத்திலோ மொழிபெயர்க்கப் போய், இரு பக்கமும் ஏச்சு வாங்கித் திரும்பிய வாசகர்கள் நான் படும் பாட்டை நன்கு அறிவார்கள். அவர்களுக்காகவே ஒரு வழக்கின் கதையைத் துண்டு துண்டாகச் சொல்கிறேன்.

அடுப்பில் கொதித்த சோஸ்

இரத்தினம் ஓர் இத்தாலிய உணவகத்தில் சமையற்காரர். மதிய வேலைக்கும் மாலை வேலைக்கும் இடையே, பக்கத்து விளையாட்டுக்கூடத்தில் காசு போட்டு ஆடும் ஓர் இயந்திரத்தின் முன் உட்காருவார். அந்த இயந்திரத்தில் ஒரு பழுது இருந்தது. படங்கள் சுழன்று நிற்கும் கணத்தில் இரண்டு பொத்தான்களை ஒன்றாக அழுத்தினால், தோற்றவரையும் அது வென்றவர் என்று எடுத்துக்கொள்ளும். இதை இரத்தினம் தற்செயலாகக் கண்டுகொண்டார். கண்டுகொண்ட பின்னர் தற்செயலாக அழுத்தவில்லை.

வங்கிக் கொள்ளையரைப் பிடிக்க வருவது போலப் பொலிசார் வந்தார்கள். உணவகம் நிறைந்திருந்த மதிய வேளையில், முன்வாசலால் ஒரு கூட்டம், பின்வாசலால் இன்னொரு கூட்டம். ஏப்ரனோடு நின்ற மனிதருக்கு விலங்கு மாட்டினார்கள். மொழிபெயர்க்க அழைக்கப்பட்ட நான் பொலிஸ் நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது, அதிகாரி குற்றச்சாட்டை மூச்சுவிடாமல் வாசித்தார். ஒரு பிழையுமின்றி மொழிபெயர்த்தேன். "இதற்கு நீங்கள் சொல்ல விரும்புவது என்ன?" என்று அவர் கேட்டார். இரத்தினம் என்னைப் பார்த்து அளித்த முதல் வாக்குமூலம் இதுதான்: "மாஸ்ரர், அடுப்பில சோஸ் கொதிச்சபடி கிடக்கு. முதல்ல ஆரையாவது நிப்பாட்டச் சொல்லுங்கோ."

செப்புத் தகடு

விளையாட்டுக்குப் போய் மாட்டிக்கொண்டவருக்கு விளையாட்டல்லாத ஒன்று பணயமாக இருந்தது. அவருடைய மனைவி கொழும்பில் ஒரு லொட்ஜில் தங்கி ஜேர்மன் வீசாவுக்காகக் காத்திருந்தார். குற்றவாளி என்று தீர்ப்பானால் இரத்தினத்தின் வதிவிட உரிமை பறிபோகும். மனைவியின் வீசா அத்தோடு முடியும்.

சும்மா பொத்தானை அழுத்தியதைப் பெரிய மோசடி என்று நிரூபிப்பது கடினம் என்பது பொலிசாருக்கும் விளங்கியிருந்தது. ஆகவே அவர்கள் ஓர் இரகசியக் கருவியைத் தேடினார்கள். கிடைத்தது அவருடைய கழுத்தில் கிடந்த அச்சரக்கூடு, அதாவது தாயத்து. ஊரைவிட்டு வெளிக்கிட்டபோது காவலுக்கென்று தாயார் கட்டிவிட்டது. அதிகாரி அதை வெட்டித் திறந்தார். உள்ளே சுருட்டிய செப்புத் தகடு, அதில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள், கட்டங்களுக்குள் எழுத்துகள். "மின்சுற்று வரைபடம்!" என்றார் அவர். இவை மந்திர எழுத்துகள், தனித்தனியே பொருள் சொல்ல முடியாதவை என்று விளக்கினேன். அவர் என்னையும் ஒரு முறை சந்தேகமாகப் பார்த்துவிட்டு, தகட்டை ஆய்வுகூடத்துக்கு அனுப்பினார். சில வாரங்களின் பின் அது திரும்பி வந்தது. உறையை என்னிடம் நீட்டிய அதிகாரியின் முகம் சிவந்திருந்தது: "செம்பு. வெறும் செம்பு. பற்றரி எங்கே பொருத்துவது என்று எங்கள் நிபுணர் இன்னமும் தேடிக்கொண்டிருக்கிறார்."

மச்சானின் யோசனை

விசாரணைக்கு முன் இரத்தினத்தை வெளியே விட்டிருந்தார்கள். அவருடைய மனைவியின் தமையன் எசனில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். ஒரு நாள் கத்தரிக்காய் வாங்கப் போன என்னை, அரிசி மூட்டைகளுக்கு நடுவில் மறித்தார். இரத்தினமும் அங்கே நின்றார்.

"மாஸ்ரர், அது பழுதெண்டு இவருக்குத் தெரியாது எண்டு நீங்களே கோட்டில ஒரு சொல்லுச் சேத்து விடுங்கோவன். வெள்ளைக்காரனுக்கு விளங்கவே போகுது?"

"ஏலாது. கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். சத்தியம் செய்தவன்," என்றேன்.

இரத்தினமும் தலையை ஆட்டினார். "வேண்டாம் அண்ணை. தெரிஞ்சுதான் அமத்தினனான். காசு போட்டன், அங்க இருந்த பொத்தானைத்தான் அமத்தினன். உடைக்கேல்ல, கிண்டேல்ல. உள்ளதைச் சொல்லுவம்."

மனைவியின் வீசாவே ஊசலாடிய நேரத்தில் ஒருவர் இப்படிச் சொன்னதை நினைத்து இன்றும் என் நெஞ்சு நிமிர்கிறது. மச்சானுக்கு அப்படி ஒன்றும் நிமிரவில்லை. கத்தரிக்காயைத் தராசில் போட்டபடியே சொன்னார்: "நல்ல சோடி! ஒருத்தர் அரிச்சந்திரன், மற்றவர் இலக்கண வாத்தியார். என்ர தங்கச்சி கொழும்பிலயே கிழவியாகட்டும்."

ஒளிநாடா

வழக்கு நாளில் அரச வழக்குத்தொடுநர், கூடத்துக் கமெரா பிடித்த ஒளிநாடாவை ஓடவிட்டார். இரத்தினம் வந்து உட்காருகிறார். காசு போடுமுன் வலக்கையால் இயந்திரத்தைத் தொடுகிறார். தொட்ட கையை இரு கண்களிலும் ஒற்றிக்கொள்கிறார். மறுநாளும் அதேதான். அதற்கடுத்த முறையும் அதேதான். செப்புத் தகட்டைக் கைவிட்ட வழக்குத்தொடுநர் இதைப் பிடித்துக்கொண்டார். உள்ளங்கையில் ஏதோ காந்தம் இருக்கிறது, கண்ணருகே கொண்டுபோவது கூட்டாளிக்குக் காட்டும் சைகை என்பது அவர் வாதம்.

நீதிபதி ஒரு பெண்மணி. மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்ப்பவர். இது என்ன என்று இரத்தினத்திடம் கேட்டார். "தொட்டுக் கும்பிட்டனான்," என்றார் அவர். தொட்டு வணங்கினேன் என்று அப்படியே ஜேர்மன் மொழியில் சொன்னேன். சிரிப்பு எழுந்தது. இதன் பின்னணி என் நாவின் நுனியில் நின்றது. ஆனால் மொழிபெயர்ப்பாளன் சாட்சியல்லன்; கேளாமல் விளக்கம் கூறும் உரிமை எனக்கில்லை.  வழக்குத்தொடுநர் கைகளை விரித்தார்: "கனம் நீதிபதி அவர்களே, சூதாட்ட இயந்திரத்தை வணங்கும் மனிதர் எவரையும் எனக்குத் தெரியாது."

விழுந்த அகராதி

அவர் குற்றப்பத்திரிகையின் அடுத்த பகுதிக்குத் தாவினார். அதில் வந்த ஒரு சட்டச் சொல்லைச் சரிபார்ப்பதற்காக நான் அவசரமாக அகராதியை இழுத்தேன். கனத்த புத்தகம், கை நழுவி நிலத்தில் விழுந்து என் சப்பாத்தில் பட்டது. குனிந்து எடுத்தேன். வலக்கையால் அதைத் தொட்டு இரு கண்களிலும் ஒற்றிவிட்டு, பக்கத்தைப் புரட்டத் தொடங்கினேன்.  நிமிர்ந்தபோது எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மொழிபெயர்ப்பாளர் அவர்களே, உங்கள் கையில் என்ன கருவி இருக்கிறது?" என்று நீதிபதி கேட்டார்.

கேட்டபின் பதில் சொல்லலாம் அல்லவா? எழுந்து நின்று வெறும் கையைக் காட்டினேன். எங்களுக்குப் பயன்தரும் பொருளை மதித்துத் தொடுவது எங்கள் பழக்கம். புத்தகத்தில் கால் பட்டால் இப்படிச் செய்வோம். சாரதி வாகனத்தைத் தொடுவார். சமையற்காரர் காலையில் அடுப்பைத் தொடுவார். கை தானாகவே போகும் என்றேன். "சூதாட்ட இயந்திரத்தையுமா?" என்று அவர் கேட்டார். "அதைச் சரியென்று நான் கற்பிக்கவில்லை, அம்மணி. ஆனால் கைக்கு அந்த வேறுபாடு தெரியாது," என்றேன்.

காந்தமும் கூட்டாளியும் அத்தோடு மறைந்தார்கள். மிஞ்சியது இரண்டு பொத்தான்கள். எவரும் அழுத்தலாம் என்று வைத்த பொத்தான்களை அழுத்துவது குற்றமாகாது, பழுதைத் திருத்த வேண்டியவர் இயந்திரக்காரர் என்று சொல்லி, நீதிபதி இரத்தினத்தை விடுதலை செய்தார். அடுத்த குளிர்காலத்தில் அவருடைய மனைவி வந்து இறங்கினார். வரவேற்கப் போனவர்களுள் நானும் ஒருவன். மச்சான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, என் காதருகே குனிந்து கேட்டார்: "உண்மையைச் சொல்லுங்கோ மாஸ்ரர், அந்தப் புத்தகத்தை வேணுமெண்டுதானே விழுத்தினனியள்?"

சொல்லுக்குச் சொல் நிறுத்துப் பார்த்து இத்தனை ஆண்டுகள் மொழிபெயர்த்த எனக்கு, எங்கள் சனங்களிடம் நிலைத்த ஒரே புகழ், வாயைத் திறக்காமல் ஒரு புத்தகத்தை விழுத்தியவன் என்பதுதான்.