நூறு யார்டு

தெரியாத ஒரு விஷயத்தைத் தெரிந்த மாதிரி அடித்துவிட்டு, எதிரில் இருந்தவன் அதை அப்படியே நம்பித் தொலைத்த அனுபவம் உங்களுக்கு உண்டா? எனக்கு உண்டு. ரெண்டே வரி ஈமெயில்தான்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால் நான் பெரம்பலூரில் இன்ஜினியரிங் மூன்றாம் வருடம். அதாவது, உலகத்தில் எனக்குத் தெரியாதது எதுவுமே இல்லாத வயசு. நம்பித் தொலைத்தவன் லப்பைக்குடிக்காட்டுக்காரன். பள்ளியில் என் பெஞ்ச், அப்புறம் பி.காம். அத்தா, ரெண்டு அண்ணன், அக்கா மாப்பிள்ளை எல்லாரும் துபாயில். இவனுக்கு மட்டும் போகப் பிடிக்கவில்லை. இவனுக்குப் பிடித்தது ரைபிள். அரியலூரில் ஒரு கிளப்பில் சுடப் பழகினான். ஸ்கோப் என்கிற குறிபார்க்கும் கண்ணாடி மாட்டிய ரைபிள், நூறு மீட்டர். மாநில அணியில் இடம் கிடைத்தால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் இங்கேயே வேலை வாங்கிவிடலாம் என்று கணக்கு. அத்தா போனில் முடிவாகச் சொல்லிவிட்டார்: "செலக்ட் ஆனா ஊர்லயே இரு. இல்லாட்டி விசா ரெடி, ஏறி வந்துரு."

கிளப்பில் ஐம்பது மீட்டருக்கு மேல் இடம் கிடையாது. நூறுக்கு, மூடிக் கிடந்த ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் அனுமதி வாங்கியிருந்தார் கோச். மிலிட்டரியில் இருந்து வந்தவர். சுடுகிற இடத்துக்கும் குறி அட்டைக்கும் நடுவே பள்ளம், பள்ளம் நிறையத் தண்ணீர். டேப் பிடித்து அளக்க வழியில்லை. அதனால் லேசரில் தூரம் காட்டும் கருவி ஒன்றை மச்சான், அதாவது அக்கா மாப்பிள்ளை, லீவுக்கு வரும்போது வாங்கி வருவதாக ஏற்பாடு. எது வாங்குவது என்று சொல்லவேண்டியவன் நான்.

விஷயம் ரொம்ப சிம்பிள். ஸ்கோப்பின் மேல் ஒரு திருகு இருக்கும். ஒரு கிளிக் திருப்பினால் குண்டு படும் இடம் கொஞ்சம் நகரும். சில ஸ்கோப்பில் அந்தக் கொஞ்சம், நூறு யார்டில் கால் அங்குலம். சிலதில் நூறு மீட்டரில் ஒரு சென்டிமீட்டர். ஸ்கோப் எந்தக் கணக்கோ, லேசரும் அதே கணக்கில் வாங்கவேண்டும். திருகின் மூடியைக் கழற்றினால் உள்ளே எழுதியிருக்கும்.

பிரவுசிங் சென்டரில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டான். "மாப்ள, யார்டு காட்டுறதா மீட்டர் காட்டுறதான்னு மச்சான் கேக்குறாங்க. ரெண்டும் காட்டுறது வெல சாஸ்தியாம்டா."

ஏதோ அமெரிக்க வெப்சைட் திறந்திருந்தது. அதில் எல்லாமே யார்டு. "யார்டு," என்றேன்.

"ஸ்கோப்ப ஒரு தடவ பாத்துட்டு சொல்லேன். பஸ் ஏறுனா அரியலூரு ஒரு மணி நேரம்."

"எதுக்குடா? உலகம் பூரா யார்டுதான். நீ பி.காம்மு, பேலன்ஸ் ஷீட்டப் பாரு."

"சரிங்க சயின்டிஸ்ட் சார்," என்று சிரித்தான். நான் மச்சானுக்குத் தட்டி அனுப்பிவிட்டேன்.

மச்சான் வந்தார், கருவியும் வந்தது. சுரங்கத்துக்கு நானும் போனேன், பந்தாவாக. கோச் அதைக் கண்ணில் வைத்துப் பார்த்து, அட்டை நூறில் நிற்கும்படி நகர்த்தினார். "இஞ்சினியர் தம்பி சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்று என் முதுகில் தட்டினார்.

அப்புறம்தான் விளையாட்டுக்கு அந்த மூடியைக் கழற்றினேன். ஒரு கிளிக், ஒரு சென்டிமீட்டர், நூறு மீட்டர். நூறு யார்டு என்பது தொண்ணூற்றொரு மீட்டர் சொச்சம். அட்டை எட்டு மீட்டருக்கு மேல் கிட்டத்தில் நிற்கிறது.

"என்னடா பாக்குற?" என்றான்.

"ஒண்ணுமில்ல. தூசி."

மூடியைத் திருகி மாட்டினேன். அப்போதே சொல்லியிருந்தால் அட்டையை இன்னும் இருபத்தெட்டு அடி தள்ளி வைத்திருப்பார்கள், அவ்வளவுதான். முதுகில் விழுந்த அந்தத் தட்டு இன்னும் ஆறவில்லை. அதற்குள் மண்டு என்று பெயர் வாங்க மனசில்லை. சின்ன வித்தியாசம்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு மாதம் அவன் அந்தத் தூரத்துக்கே ஸ்கோப்பைத் திருகி வைத்துச் சுட்டான். நோன்பு வைத்துக்கொண்டும் சுட்டான்.

செலக்‌ஷன் திருச்சியில், அசல் நூறு மீட்டர். பழகிப் பார்க்கும் ஷாட் கிடையாது, பத்தும் கணக்கு, அட்டை கடைசியில்தான் கைக்கு வரும். வந்தது. பத்து ஓட்டையும் ஒரு ரூபாய் காசுக்குள் அடங்கும். ஆனால் நடுவட்டத்துக்கு ரெண்டு விரல் கீழே. கூடுதலான அந்த எட்டு மீட்டரில் குண்டு இறங்குகிற அளவு.

கோச் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கை சுத்தமா இருக்கு. பத்தும் பக்கத்து வூட்ல போயி விழுந்துருக்கே, எப்புடிப்பா?"

"என் தப்புதாங்க சார். பதட்டத்துல மூச்சு விட்டுட்டேன்."

"பத்து தடவையும் ஒரே மாரியா?"

"ஆமாங்க சார்."

நான் ரெண்டடி தள்ளி நின்றிருந்தேன். தண்ணீர் பாட்டில் வாங்கி வருகிறேன் என்று நகர்ந்துவிட்டேன்.

மூன்றாவது மாதம் விசா. ஏர்போர்ட்டுக்கு நானும் வேனில் போனேன். பெட்டியை இறக்கும்போது சொன்னான்: "நீ மட்டும் அந்த மிசினு பாத்து சொல்லலன்னா நான் இவ்ளோ தூரம்கூட வந்துருக்க மாட்டேன்டா. மூச்சு விசயத்துலதான் கோட்ட வுட்டுட்டேன்."

"விடு மாப்ள," என்றேன். அவனைத் தேற்றியதாக அவன் நினைத்துக்கொண்டான்.

துபாயில் துணிக்கடையில் நிற்கிறான். வாரம் ஒரு தடவை சாட் பண்ணுகிறோம், கிரிக்கெட் பேசுகிறோம். போன வாரம், கை நடுங்காமல் இருக்க ஏதாவது மூச்சுப் பயிற்சி நெட்டில் இருந்தால் அனுப்பச் சொன்னான். இன்னும் தன்னைத்தான் திருத்திக்கொண்டிருக்கிறான்.

இதை டைப் அடிக்கும்போது மெசஞ்சரில் அவன் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிகிறது.