தூக்கணாங்குருவிகளைப் படம் பிடித்த வாரம்

எண்பதுகளின் தொடக்கத்தில், நெய்வேலி நகரியத்து மன்றம் ஒன்றில் படம் எடுக்கிற ஆசையுள்ள சிலர் சேர்ந்து ஒரு போட்டி வைத்தோம். மன்றத்தில் சின்ன சினிமா கேமரா ஒன்று இருந்தது. ஊருக்குத் திரும்பிப் போன வெளிநாட்டுப் பொறியாளர் ஒருவர் கொடுத்துவிட்டுப் போனது. ஒரு சுருள் போட்டால் மூன்று நிமிடம் ஓடும், சத்தம் பதியாது. வெட்டி ஒட்ட வழியில்லாததால் எடுத்த வரிசையில்தான் படம். நாலு அணி, அணிக்கு ஒரு சுருள், அணிக்கு ஒரு வாரம் கேமரா. இயற்கையைத்தான் எடுக்க வேண்டும். தலைப்பைச் சீட்டு எழுதிக் குலுக்கினார்கள். 'கூடு' என்று வந்தது.

நான் அப்போது சுரங்க அலுவலகத்தின் அளவைப் பிரிவில் வரைபடம் போடுகிறவன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. என்னோடு அணி சேர்ந்தவன் அதே பிரிவில் செயின்மேன். நிலம் அளக்கும்போது சங்கிலியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு முள்ளிலும் சேற்றிலும் நடக்கிற வேலை. எனக்கும் அவனுக்கும் ஒரே வயது. ஆனால் நான் பெர்மனன்ட், அவன் கான்ட்ராக்ட். அதனால் அவன் என்னை 'சார்' என்பான், நான் அவனை 'நீ' என்பேன். அது சரியா என்று நான் யோசித்ததில்லை.

தலைப்பைக் கேட்டதுமே அவன் சொன்னான்: "சார், எங்க வூட்டாண்ட ஒரு கெணறு இருக்குதுங்க. அது மேல சாஞ்சாப்ல ஒரு பனை. அதுல முப்பது கூடு தொங்கிக்கினு இருக்குது. வந்து பாருங்க."

கம்மாபுரம் பக்கம் சைக்கிளில் போய்ப் பார்த்தோம். அவன் சொன்னது குறைத்துச் சொன்னதுதான். மஞ்சள் தலைக் குருவிகள் நெல் தாளைக் கிழித்துக் கிழித்துக் கொண்டுவந்து ஓலை நுனியில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தன. கிணற்றுக்குள் தண்ணீர் எங்கோ அடியில் கிடந்தது. பக்கத்தில் இருந்த குடிசையில் அவனுடைய அம்மா இருபது வருடம் காவல் இருந்திருக்கிறாள். நிலம் வேறொருவருடையது. சுரங்கத்துக்கு நிலத்தை எடுத்தபோது நிலத்துக்காரர் விருத்தாசலத்தில் வீடு கட்டிக்கொண்டு போனார். பட்டா இல்லாத இவர்களுக்கு அவனுடைய கான்ட்ராக்ட் வேலை கிடைத்தது. அம்மா பக்கத்துத் தெருவில் தன் தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டாள். ஆனாலும் தினம் காலையில் வந்து பனையடியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருப்பாள்.

எங்களுக்கு மூன்றாவது வாரம் விழுந்தது. முதல் வாரம் விழுந்தவருக்கு ஷிஃப்ட் மாறியதால் மாற்றிக்கொள்ளச் சம்மதமா என்று எங்களிடம் கேட்டார். அவன் உடனே தலையாட்டினான்.

"மாத்திக்கலாம் சார். எப்ப வந்து நெலத்த நெரவுவானுங்கன்னு தெரியல. மொத வாரமே எடுத்துக்கினா நிம்மதி."

எனக்குத் தெரியும். எந்தத் துண்டு நிலத்தை எப்போது நிரவ வேண்டும் என்ற வரைபடத்தை நான்தான் போட்டிருந்தேன். அந்தக் கிணறும் பனையும் இருந்த துண்டின் மேல் என் கையால் சிவப்புக் கோடு இழுத்து, பக்கத்தில் எங்களுக்கு விழுந்த அதே மூன்றாவது வாரத்தைக் குறித்திருந்தேன். வரிசையை வெளியே சொல்லக்கூடாது என்று பிரிவுத் தலைவர் சொல்லியிருந்தது உண்மை. ஆனால் நான் வாய் திறக்காததற்கு அது மட்டும் காரணமில்லை. முதல் வாரத்தில் முட்டைதான் இருக்கும். மூன்றாவது வாரத்தில் குஞ்சு வாய் பிளந்து இரை கேட்கும், அதை எடுத்தால் பரிசு நமக்குத்தான் என்று கணக்குப் போட்டேன். கான்ட்ராக்டர்கள் சொன்ன தேதிக்கு வந்ததை நான் பார்த்ததேயில்லை. ஒரு வாரமாவது தள்ளிப்போகும் என்று நம்பினேன்.

"குஞ்சு பொரிக்கட்டும். மூணாவது வாரமே இருக்கட்டும்" என்றேன்.

"நீங்க சொன்னா சரி சார்" என்றான்.

கேமரா கைக்கு வந்தது ஒரு திங்கட்கிழமை. அன்று சாயங்காலமும் மறுநாள் விடிந்ததும் எடுத்தோம். அவன் கிணற்று மேட்டில் படுத்துக்கொண்டு எந்தக் கூட்டுக்கு எந்தப் பறவை எப்போது வரும் என்று முன்னாலேயே சொல்வான். "இப்ப வரும் பாருங்க, அந்த மூணாவது... அமுக்குங்க!" பொத்தானை அமுக்கினால் கேமரா கர்ரென்று ஓடும். அவனுடைய அம்மா பயந்து கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

"இது ஓடறப்ப என்னைப் புடிச்சிடாத தம்பி. சீல கிழிஞ்சி கெடக்குது."

"இல்லம்மா, குருவியத்தான் எடுக்கிறோம்" என்றேன்.

இரண்டு நிமிடத்துக்குச் சுருள் ஓடியிருந்தது. தாய்க் குருவி குழாய் போன்ற வாசலில் தலைகீழாகத் தொற்றி இரை ஊட்டியது நன்றாகக் கிடைத்திருக்கும் என்று தோன்றியது. மீதி ஒரு நிமிடத்தைக் குஞ்சு வெளியே பறக்கும் வரை வைத்திருப்போம், ஞாயிற்றுக்கிழமை வருவோம் என்று நானே சொன்னேன்.

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு அவன் வரைபட அறைக்குள் செருப்பில்லாமல் ஓடிவந்தான். "சார், பனைய சாச்சிட்டாங்களாம்." அவ்வளவுதான் சொன்னான். மேசை இழுப்பறையில் கேமரா இருந்தது. கிளம்பும்போது அதை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டேன்.

நாங்கள் போனபோது நிலம் நிரவும் இயந்திரம் அடுத்த வயலுக்குப் போய்விட்டிருந்தது. பனை கிணற்றின் குறுக்கே விழுந்து கிடந்தது. பாதிக் கூடுகள் ஓலைக்கடியில் நசுங்கியிருந்தன. சில கிணற்றுக்குள் மிதந்தன. மேலே குருவிகள் மரம் இருந்த இடத்தையே சுற்றிச் சுற்றி வந்தன. அந்தக் கத்தலைப் போல ஒன்றை நான் அதன்பின் கேட்டதில்லை. காக்கைகள் அதற்குள் வந்துவிட்டன.

அவன் கிணற்றுப் படியில் இறங்கினான். அவனுடைய அம்மா ஓலைகளுக்கு நடுவில் மண்டியிட்டு, இறகு முழுதாக முளைக்காத குஞ்சுகளை ஒவ்வொன்றாக எடுத்து முறத்தில் போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு கையால் பொறுக்கினாள், மறு கையால் காக்கையை விரட்டினாள். வாய் எதையோ சொல்லிக்கொண்டேயிருந்தது. நடுவே நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

நான் கேமராவைக் கண்ணில் வைத்து அமுக்கினேன். மீதியிருந்த ஒரு நிமிடமும் ஓடித் தீரும்வரை விரலை எடுக்கவில்லை. ஒரே ஒருமுறை அவள் நிமிர்ந்து நேராகக் கேமராவின் கண்ணாடியைப் பார்த்தாள். பிறகு குனிந்துகொண்டாள்.

அவன் நனைந்த கூடு இரண்டைக் கையில் பிடித்தபடி மேலே வந்தான். அதற்குள் கேமராவை உறையில் போட்டுவிட்டேன்.

"சார், இந்த வாரம்னு ஒங்களுக்குத் தெரியாதா? மேப்பு நீங்கதான போட்டீங்க?"

"தேதியெல்லாம் எங்களுக்குச் சொல்ல மாட்டாங்கப்பா" என்றேன்.

அவன் நம்பினான். நம்பியதுதான் இன்றுவரை என்னை உறுத்துகிறது. பகல் முழுக்க அவனும் அம்மாவும் சோற்றைக் கரைத்துக் குஞ்சுகளின் வாயில் விட்டுப் பார்த்தார்கள். மாலைக்குள் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

சுருள்களைக் கழுவப் பம்பாய்க்கு அனுப்பினார்கள். திரும்பி வர இரண்டு மாதம் ஆயிற்று. யாரும் முன்னால் போட்டுப் பார்க்கக்கூடாது, எல்லோரும் ஒன்றாகத்தான் பார்க்க வேண்டும் என்பது போட்டி விதி. அன்று அவன் அம்மாவையும் அழைத்து வந்திருந்தான். அவள் புதுச் சேலை கட்டியிருந்தாள். குருவி பறப்பதை இன்னொரு தடவை பார்க்கலாம் என்று சொல்லிக் கூட்டிவந்தானாம். கடைசி நிமிடத்தைப் பற்றி அவனிடம் சொல்லிவிட வேண்டும் என்று இரண்டு மாதமும் நினைத்தேன். சொல்லவில்லை.

எங்கள் படம் மூன்றாவதாக ஓடியது. மஞ்சள் தலை தெரிந்ததும் அவள் "அதோ, அதோ" என்று மகன் தோளைத் தட்டிச் சிரித்தாள். சட்டென்று பனை விழுந்து கிடந்தது. திரையில் அவளே, சுவர் உயரத்துக்கு, கிழிந்த சேலையோடு, சத்தமில்லாமல் நெஞ்சில் அடித்துக்கொண்டிருந்தாள். அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். படம் முடிந்ததும் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

எங்களுக்குத்தான் முதல் பரிசு. வெளியூரிலிருந்து நடுவராக வந்திருந்த பேராசிரியர், அந்தக் கடைசி நிமிடம்தான் படம் என்றார். மேடைக்கு நான் மட்டும் போனேன். இறங்கி வந்து பார்த்தபோது இருவரும் சைக்கிள் நிறுத்தும் இடத்தில் நின்றிருந்தார்கள்.

"எங்கம்மா ஒங்களாண்ட இன்னா சொன்னுச்சி?" என்று கேட்டான். "என்னைப் புடிச்சிடாதன்னு சொன்னுச்சா இல்லியா?"

"இது உனக்கும் சேர்த்துத்தான்" என்று பரிசுக் கோப்பையை நீட்டினேன். அவன் அதைப் பார்க்கக்கூட இல்லை. அம்மாவைக் கேரியரில் உட்கார வைத்துக்கொண்டு மிதித்துப் போய்விட்டான். அடுத்த மாதம் கான்ட்ராக்ட் புதுப்பித்தபோது கையெழுத்துப் போட அவன் வரவில்லை.

நாலைந்து வருடம் கழித்து நகரியத்துச் சந்தையில் சாக்கு விரித்து அவள் கீரை விற்றுக்கொண்டிருந்தாள். நான் கடந்து போய்விடப் பார்த்தேன். அவளே கூப்பிட்டாள்.

"தம்பி, எங்களாண்ட குருவி படம் புடிச்ச தம்பிதான?"

உட்கார்ந்தேன். கீரைக் கட்டைக் கையில் எடுத்தபடியே சொல்லிவிட்டேன், மரம் எந்த வாரம் விழும் என்பது எனக்கு முன்னாலேயே தெரியும் என்று. அவள் கீரைமேல் தண்ணீர் தெளித்தாள்.

"சொல்லியிருந்தா மட்டும் மரத்தத் தூக்கிக்கினா போயிருப்போம்? எம்மேல ஒனக்கு ஒண்ணும் பாவம் இல்ல. ஆனா எம்புள்ளயாண்ட நீ சொல்லியிருக்கணும். அவன் ஒன்ன ரொம்ப நம்பிக்கினு இருந்தான்."

அவன் எங்கே என்று கேட்டேன். பம்பாய்ப் பக்கம் ஏதோ கட்டட வேலையில் இருக்கிறானாம், கடிதம் வருகிறதாம்.

"அந்தப் படம் இருக்குதா தம்பி? நான் அழுவறது வேணாம். மொதல்ல குருவி வந்துக்கினு போயிக்கினு இருந்துச்சே, அது மட்டும் ஒரு வாட்டி போட்டுக் காட்டுவியா?"

மன்றத்து அலமாரியில் மழைத் தண்ணீர் இறங்கிச் சுருள்கள் எல்லாம் ஒட்டிப்போய்விட்டன, தூக்கிப் போட்டுவிட்டார்கள் என்றேன். இந்த முறை சொன்னது உண்மைதான். அவள் நம்பினாளா என்று தெரியவில்லை. மகனின் முகவரியைக் கேட்டேன். தருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. எனக்குப் பின்னால் வந்து நின்ற பெண்ணைப் பார்த்து, முருங்கைக்கீரை இன்று இளசு என்று சொல்லத் தொடங்கினாள்.