அந்த மழைக்காலத்தில் அக்கா ஏன் வரவில்லை

எங்கள் அக்கா கண்மூடி ஓராண்டு நிறைகிறது. நினைவுப் பூசைக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய ஒரே தம்பியின் வணக்கம். அக்காவின் வாழ்க்கையில் ஒரு மழைக்காலத்தைப் பற்றி உங்களில் சிலர், முக்கியமாக வீராம்பட்டினத்திலிருந்து வந்திருப்பவர்கள், தவறாக எண்ணியிருக்கிறீர்கள். அப்படி எண்ணும்படி செய்தவன் நான். அதையும் சொல்லிவிடத்தான் எழுத உட்கார்ந்தேன்.

அக்கா முதலியார்பேட்டையில் பிறந்தார். தந்தையார் பிரெஞ்சு நிர்வாகத்தில் எழுத்தராக இருந்தவர். எனக்கு விவரம் தெரியும் முன்பே அம்மா இறந்துவிட்டதால் என்னைக் குளிப்பாட்டி, தலைவாரி, பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்து வாசல் வரை கொண்டுவிட்டது அக்காதான். பிறகு நர்ஸ் படிப்புப் படித்தார். பெண் கேட்டு வந்தவர்களிடம், "தம்பி ஒரு வேலையில உட்காரட்டும்" என்று தள்ளிப்போட்டார். நான் பிரெஞ்சு ஆசிரியராகி, கல்யாணமும் செய்துகொண்டேன். அதற்குள் அக்காவைக் கேட்டு வருகிறவர்கள் நின்றுபோயிருந்தார்கள். அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை குறைபட்டதில்லை.

அரசு மருத்துவமனையில் ஓய்வு பெறும் வரை புண்ணுக்குக் கட்டுப் போடும் அறையில்தான் அதிக காலம் இருந்தார். ஓய்வு பெற்றதும் ஏலத்தில் ஒரு பழைய ஜீப்பை எடுத்து வந்து வீட்டு வாசலில் நிறுத்தினார். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி.

"ரிட்டயர் ஆனா ஜெபமாலையும் கையுமா உட்காருவாங்க. நீ ஸ்டியரிங்கப் புடிச்சுக்கிட்டு நிக்கிறியே" என்றேன்.

"ஜெபமாலை கண்ணாடில தொங்குது பாரு. ரெண்டும் சேந்தேதான் போவுது" என்றார்.

வீராம்பட்டினத்தில் சர்க்கரை நோயால் காலில் புண் வந்து, ஒருநாள் விட்டு ஒருநாள் மருத்துவமனைக்கு அலைய முடியாத வயதானவர்கள் பலர் இருந்தார்கள். கடலோரத்து வீடுகளுக்குப் போகும் வழி மணல். மழை பெய்தால் ஆட்டோக்காரர்கள் தார் ரோட்டிலேயே இறக்கிவிட்டுத் திரும்பிவிடுவார்கள். அவர்களுக்குக் கட்டுப் போட அக்காவின் ஜீப் மணலில் இறங்கி வாசல் வரை போகும். சாவியைத் திருப்பும்போது "அலோன்!" என்பார். கிளம்பலாம் என்பதற்கு எங்கள் தந்தையார் சொல்லும் பிரெஞ்சு வார்த்தை அது.

என் மனைவி இறந்தபின் அக்கா என்னைத் தன் வீட்டுக்கே அழைத்துக்கொண்டார். அதற்கு அடுத்த ஆண்டுதான் ஜீப்பின் முன்பக்கத்தில் சத்தம் ஆரம்பித்தது. நேராகப் போகும்போது ஒன்றும் இல்லை. திரும்பினால் போதும், கடக் கடக் என்று அடித்துக்கொள்ளும். வீராம்பட்டினத்துப் பிள்ளைகள் அந்தச் சத்தத்தைக் கேட்டே "கடகட அம்மா வருது" என்று வீட்டுக்குள் ஓடிச் சொல்வார்களாம். அக்காவுக்கு அதில் பெருமைதான். ஆனாலும் வண்டியைச் சாரம் பகுதியில் இருக்கும் மெக்கானிக் ரஹீம் பாயின் ஷெட்டில் கொண்டுபோய் விட்டார்.

பாய் கீழே படுத்துப் பார்த்துவிட்டு என்னிடம்தான் விளக்கினார். முன்சக்கரம் சுழலவும் வேண்டும், திரும்பவும் வேண்டும். அதற்காக அச்சின் நுனியில் சிலுவை வடிவில் ஓர் இணைப்பு இருக்கிறது. 'கிராஸ்' என்று சொல்கிறார்கள். இரண்டு பக்கமும் அது தேய்ந்துவிட்டது. புதிது வாங்கி மாட்டினால் சரியாகிவிடும்.

நான் பாயைத் தனியாக அழைத்துப் போனேன். "சாமான் கிடைக்கலன்னு சொல்லிடுங்க பாய். இந்த வயசுல அவங்க வண்டி ஓட்ட வேணாம்" என்றேன்.

"ஐயோ சார், நர்ஸம்மா கையால எத்தன ஊசி போட்டுக்கிட்டிருக்கேன்! பொய் சொன்னேன்னு தெரிஞ்சா அடுத்த ஊசிய எங்க குத்துவாங்களோ!"

நான் விடவில்லை. உடன்பிறந்தவன் சொல்கிறேன், அவர் நன்மைக்குத்தான் என்று வற்புறுத்தினேன். பாய் அரைமனதாகத் தலையாட்டினார். அவரைக் குறை சொல்ல ஏதுமில்லை.

அக்காவின் நன்மைக்கு என்று எனக்கே நான் சொல்லிக்கொண்டது பொய். பகல் முழுவதும் அந்த வீட்டில் ஒற்றை ஆளாக உட்கார்ந்திருக்க எனக்குப் பயமாக இருந்தது. அதை வாய்விட்டுச் சொல்ல வெட்கப்பட்டேன். அவரை வீட்டில் வைத்துக்கொள்ள அவருடைய வண்டியை நிறுத்தினேன்.

மழைக்காலம் முழுவதும் ஜீப் ஷெட்டில் கிடந்தது. அக்கா முதலில் பஸ்ஸில் போய் மணலில் நடந்தார். முழங்கால் வீங்கியதும் அதுவும் நின்றது. வீராம்பட்டினத்திலிருந்து போன் வரும். "சாமான் வரலியாம்மா, நான் என்ன பண்ணட்டும்" என்பார். நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். மாலையில் இருவரும் சேர்ந்து டீ குடிப்போம். எனக்கு அது சந்தோஷமாகவே இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

அந்த மழையில்தான், வலை பின்னும் பெரியவர் ஏழுமலையின் கால்புண் புரையோடி இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. அக்கா மருத்துவமனைக்குப் போய் அவர் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் வராம விட்டுட்டேன், மன்னிச்சிடும்மா" என்றார். நான் பின்னால் நின்றிருந்தேன். அப்போதும் வாய் திறக்கவில்லை.

மழை விட்ட பிறகு ஒருநாள், வண்டியிலேயே விட்டிருந்த கத்தரிக்கோல் டப்பாவை எடுக்க அக்கா ஷெட்டுக்குப் போனார். அங்கே இதே போன்ற இன்னொரு பழைய ஜீப்புக்குப் பாய் புது கிராஸ் மாட்டிக்கொண்டிருந்தார்.

"பாய், இந்த வண்டிக்குக் கிடைக்கிற சாமான் என் வண்டிக்கு மட்டும் கிடைக்கலியா?"

பாய் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாராம். கடைசியில், "சாரக் கேளுங்க நர்ஸம்மா" என்றாராம்.

அக்கா வீட்டுக்கு வந்து என்னிடம் எதையும் கேட்கவில்லை. "நாளைக்குக் காலைல ஒரு பழைய சட்டையப் போட்டுக்கிட்டு என்கூட வாடா" என்றார்.

மறுநாள் பாயின் ஷெட்டில் நான்தான் வேலை செய்தேன். பாய் சொல்லச் சொல்ல முன்சக்கரங்களைக் கழற்றி, அவை மாட்டியிருக்கும் ஹப்பை எடுத்து, அச்சை வெளியே இழுத்தேன். பழைய கிராஸின் நுனிகளை மூடியிருக்கும் சின்னக் கிண்ணிகளைத் தட்டி எடுத்தபோது உள்ளே கிரீஸே இல்லை. செங்கல் பொடி மாதிரி துருதான் கொட்டியது. அக்கா ஒரு டயர் மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

புதுக் கிண்ணிக்குள் ஊசி போன்ற சின்ன உருளைகள் வரிசையாகக் கிரீஸில் ஒட்டி நிற்கும். கிண்ணியை நேராக உள்ளே செலுத்தி, வெளியே வராமல் ஒரு வளையம் மாட்ட வேண்டும். கடைசிக் கிண்ணியில் எனக்கு வளையம் மாட்டவில்லை. மயிரிழை இடம் குறைந்தது. சுத்தியலை ஓங்கினேன்.

"அடிக்காதீங்க சார்! உள்ள ஒரு உருளை படுத்துடுச்சு" என்றார் பாய்.

திரும்பக் கழற்றிப் பார்த்தால், அப்படித்தான். ஒன்றே ஒன்று சரிந்து அடியில் குறுக்கே கிடந்தது. அதை விரலால் நிமிர்த்தினேன். பாய் டீ சொல்லப் போவதாக எழுந்துபோனார். நான் தலை நிமிராமலே, "அக்கா, நான்தான் சாமான் இல்லன்னு சொல்லச் சொன்னேன்" என்றேன்.

"தெரியும்டா."

"ஏன் திட்டல?"

"திட்டுனா நீ ரெண்டு நாளைக்குச் சோறு துன்ன மாட்ட. அப்புறம் உன்னையும் நான்தானே பாக்கணும்." பிறகு, "தனியா இருக்க பயமா இருந்தா சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே? வண்டில இன்னொரு சீட்டு காலியாதானே இருக்குது" என்றார்.

ஏழுமலை பெரியவரிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றேன். "நீ எப்ப சொல்லணும்னு தோணுதோ அப்ப சொல்லு. நான் சொல்ல மாட்டேன்" என்றார். கடைசி வரை சொல்லவில்லை. பழி தன் மேலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

அதன்பின் நான் அந்த இன்னொரு சீட்டில் உட்கார்ந்தேன். வீராம்பட்டினத்து வாசல்களில் தட்டு பிடித்தேன், பஞ்சு நறுக்கினேன். கட்டு அவிழ்க்கும்போது முகம் சுளிக்காமல் இருக்கக் கற்றுக்கொண்டேன். ஜீப் இப்போது வளைவுகளில் சத்தமில்லாமல் திரும்பியது. "என்னம்மா, திருடன் மாதிரி வர்றீங்க, வர்றதே தெரியல" என்று வீட்டுப் பெண்கள் குறைபட்டார்கள். அன்றிலிருந்து மணலில் இறங்கும் திருப்பத்தில் அக்கா இரண்டு முறை ஹாரன் அடிப்பார். என் முதுமையில் மிக நல்ல காலம் அதுதான். அதை எனக்குக் கொடுத்தவர், நான் யாருடைய வண்டியை நிறுத்தினேனோ அவரே.

சென்ற ஆண்டு இதயம் பலவீனமாகிப் படுத்தார். கடைசிவரை நினைவு தெளிவாக இருந்தது. வலி அதிகம் படாமல், தூக்கத்திலேயே ஆண்டவரிடம் சென்றார்.

இந்தக் கட்டுரையை அச்சுக்குக் கொடுக்கும் முன் ஏழுமலை பெரியவர் வீட்டுக்குப் போய் நேரில் சொன்னேன். பின்னிக்கொண்டிருந்த வலையை மடியில் வைத்தார். பிறகு சொன்னார்:

"விரல் போனது போவட்டும் சார். நர்ஸம்மா மேல இத்தினி நாளு மனசுல கோவம் வெச்சிருந்தேனே, அத இப்ப யாராண்ட போய் சொல்றது?"

 இன்றைய பூசைக்கு வரும்படி மட்டும் கேட்டுக்கொண்டேன். வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

அக்காவின் கடைசி நாட்களில் முறை வைத்து இரவும் பகலும் துணையிருந்த வீராம்பட்டினத்துப் பெண்களுக்கும், மருத்துவர்களுக்கும் நர்ஸுகளுக்கும், பங்குச் சாமியாருக்கும், முதலியார்பேட்டை அண்டை வீட்டாருக்கும், பிரான்சிலிருந்து வந்து அடக்கத்தில் கலந்துகொண்ட உறவினர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டுள்ளது. ரஹீம் பாய்க்குத் தனியாக நன்றி. ஜீப்பை இன்றும் ஓடும் நிலையில் வைத்திருப்பவர் அவர்.

பூசை முடிந்ததும் அந்த ஜீப்பில் கல்லறைக்குப் போகிறோம். பாய் ஓட்டுவார். இத்தனை நாள் நான் உட்கார்ந்த சீட்டில் ஏழுமலை பெரியவர் உட்காருவார். நான் பின்னால் ஏறிக்கொள்வேன். கல்லறைத் திருப்பத்தில் இரண்டு முறை ஹாரன் அடிக்கும்படி பாயிடம் சொல்லியிருக்கிறேன். வண்டியில் சத்தமில்லை அல்லவா, யார் வந்திருக்கிறார் என்று அக்காவுக்குத் தெரிய வேண்டும்.