முதல் வாய்ச் சோறு

அண்ணன் சாப்பிடும்போது அவன் மகன் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருப்பான். கை தட்டுக்குப் போனால் கண்ணும் தட்டுக்குப் போகும். கை வாய்க்கு ஏறினால் கண்ணும் ஏறும். நான்கு மாதப் பிள்ளை. மதினியின் மடியில் சாய்ந்திருந்த அவனுக்குத் தலை இன்னும் சரியாக நிற்கவில்லை, ஆனால் பார்வை மட்டும் தவறவே தவறாது. புரட்டாசிக் கடைசியில் ஒரு மத்தியானம், மறுநாள் கொழும்புத் தோணியில் ஏறவேண்டிய அண்ணன், குழம்பை ஒதுக்கிவிட்டு வெறும் சோற்றில் ஒரு பருக்கையை நசுக்கிப் பிள்ளையின் உதட்டருகே கொண்டுபோனான். அம்மா அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

"ஏலே, ஒனக்குக் கிறுக்கா? கழுத்தே இன்னும் நிக்கல. பிள்ளை நல்லா உக்காரட்டும். சோத்தைப் பாத்து அவனே கையை நீட்டட்டும். அப்பக் குடுக்கலாம்."

அண்ணன் சிரித்தான். "சரிம்மா. ஆனா மொத வாய் நாந்தான் ஊட்டுவேன். நான் வாரதுக்கு முன்னால ஒருத்தரும் ஊட்டக் கூடாது, சொல்லிட்டேன்."

மதினியைப் பார்த்துத்தான் அதைச் சொன்னான். அவளும் சிரித்தபடி தலையாட்டினாள். சாப்பாட்டு நேரத்து விளையாட்டுப் பேச்சு, அவ்வளவுதான். அண்ணன் கையைக் கழுவப் போனதும் எல்லாரும் அதை மறந்துவிட்டோம். மதினி மறக்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

எழுபதுகளின் தூத்துக்குடி அது. எங்கள் தெருவில் பாதி ஆண்கள் தோணியில் போகிறவர்கள். பாய் விரித்து ஓடும் பெரிய மரத்தோணிகள். வெங்காயமும் மிளகாய் வற்றலும் ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போய் வரும். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் தோணிகள் ஓடாது. அந்த வருஷம் அண்ணனுக்குப் பிள்ளை பிறந்ததும் அந்த ஓய்வுக் காலத்தில்தான். அதனால் அவன் மகனைத் தோளிலிருந்து இறக்கவே இல்லை. அப்பா முன்பே இறந்துவிட்டதால் வீட்டில் அம்மா, அண்ணன், மணப்பாட்டிலிருந்து வந்த மதினி, பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த நான், இந்தப் பிள்ளை. மதினி அதிகம் பேசமாட்டாள். அண்ணன் வீட்டில் இருந்தால் மட்டும் அடுப்படியில் அவள் குரல் கேட்கும்.

ஐப்பசியில் புயல் வந்தது. கடலில் இருந்த தோணிகள் கிடைத்த கரையில் ஒதுங்கி, பிறகு ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. அண்ணன் போன தோணி வரவில்லை. கொழும்புக்குத் தந்தி அடித்தார்கள். அங்கேயும் போய்ச் சேரவில்லை. வேறொரு தோணியின் தண்டல், அதாவது தோணியை நடத்துகிற பெரியவர், எங்கள் வீட்டுக்கு வந்து வாசலிலேயே நின்றார். காற்று எழும்புவதற்கு முன்னால் தூரத்தில் அதன் பாயைப் பார்த்ததாகவும், பிறகு பார்க்கவில்லை என்றும் சொன்னார். அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். மதினி மட்டும், "வேற கரையில ஒதுங்கியிருப்பாக" என்று சொல்லிவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

அதற்குப் பிறகு அவள் அழுது நாங்கள் பார்க்கவில்லை. தண்ணீர் பிடிப்பாள், சமைப்பாள், பிள்ளைக்குப் பால் கொடுப்பாள். அண்ணனின் சட்டையை உதறி மடித்து வைப்பாள். தெருப் பெண்கள் துக்கம் கேட்க வந்தால் எழுந்து போய்விடுவாள்.

பிள்ளை தன் பாட்டுக்கு வளர்ந்தான். கழுத்து நின்றது. கார்த்திகை முடியும்போது சாய்மானம் இல்லாமல் உட்கார்ந்தான். நாங்கள் சாப்பிட உட்கார்ந்தால் உடம்பை முன்னால் சாய்த்துக் கையை நீட்டினான். நாங்கள் மென்றால் அவனும் வெறும் வாயை மென்றான். மற்ற வீடுகளில் இப்படி ஒவ்வொன்றையும் கூப்பிட்டுக் காட்டிச் சிரிப்பார்கள். எங்கள் வீட்டில் எல்லாரும் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தோம். என்னென்ன அடையாளம் வரவேண்டும் என்று வாயால் சொன்ன அம்மாவே, அவை வந்தபோது தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டாள். கிறிஸ்துமஸுக்கு நாங்கள் நட்சத்திரம் கட்டவில்லை.

மதினிக்குப் பால் வற்றிக்கொண்டு வந்தது. பிள்ளை குடித்து முடித்தும் அழுதான். தடுப்பூசி போட வந்த நர்ஸம்மா அவன் விலாவைத் தடவிப் பார்த்துவிட்டு மதினியிடம் சொன்னார்: "நல்லா உக்காருதான், கையை நீட்டுதான், ஸ்பூனைக் காட்டுனா வாயைத் திறக்கான். இனிமே பால் மட்டும் பத்தாதும்மா. எதுக்குக் காத்திருக்க?"

"அவுகப்பா வந்து ஊட்டுவாக" என்றாள் மதினி. நர்ஸம்மா அம்மாவைப் பார்த்தார். அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மறுநாள் அம்மா சோற்றையும் பருப்பையும் குழைய மசித்து ஒரு கிண்ணத்தில் எடுத்து வந்தாள். மதினி பிள்ளையின் முகத்தைத் தன் தோளோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள்.

"வேண்டாம் மாமி. நான் அவுககிட்ட சரின்னு தலையாட்டியிருக்கேன்."

"ஏளா, பிள்ளை பசியில காயுதுளா."

"வந்திருவாக மாமி."

அம்மா நினைத்திருந்தால் பிள்ளையைப் பிடுங்கி ஊட்டியிருக்கலாம். குரல் உயர்ந்த பெண்தான் அவள். ஆனால் கிண்ணத்தைத் தரையில் வைத்துவிட்டு அதன் முன்னாலேயே உட்கார்ந்திருந்தாள். அம்மா ஏன் வற்புறுத்தவில்லை என்று அன்று எனக்குக் கோபம் வந்தது. எனக்கும் ஒரு பிள்ளை பிறந்த பிறகுதான் புரிந்தது. அந்தச் சோறு பிள்ளையின் வாய்க்குள் போனால், அவள் பெற்ற மகன், என் அண்ணன், இனி வரமாட்டான் என்று ஆகிவிடும். அவளாலும் முடியவில்லை.

தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை மத்தியானம். மதினி பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள், ரசச் சோறு. நான் எதிரில் இருந்தேன். கொல்லைக் கதவு காற்றில் அடித்தது. மதினி திரும்பிப் பார்த்தாள். எந்தச் சத்தம் கேட்டாலும் அவள் அப்படித்தான் திரும்புவாள். அந்த நேரத்தில் பிள்ளை குனிந்து இரண்டு கையையும் தட்டில் வைத்து, ஒரு பிடி அள்ளி வாயில் திணித்துக்கொண்டான். பாதிச் சோறு மோவாயில் ஒழுகியது. மிச்சத்தை அவன் துப்பவில்லை. முகத்தைச் சுளித்து, மென்று, விழுங்கினான். பிறகு மதினியை அண்ணாந்து பார்த்து வாயை ஆவென்று திறந்தான்.

மதினி அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் "எம்மா" என்று கூப்பிட, அம்மா அடுப்படியிலிருந்து வந்து நின்றாள். பிள்ளை பொறுமையிழந்து மதினியின் கையை அடித்தான். அவள் சோற்றை விரலால் நசுக்கினாள். நசுக்கியதை மறுபடியும் நசுக்கினாள். பிறகு ஊட்டினாள். அப்போதுதான் அவள் அழுதாள். அழுதுகொண்டே ஊட்டினாள்; பிள்ளை அவள் அழுகையைக் கவனிக்காமல் வாயைத் திறந்து திறந்து வாங்கினான். அப்படி ஓர் அழுகையை நான் அதற்கு முன்பும் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை.

பிள்ளை வயிறு நிறைந்து தூங்கிய பிறகு அவள் முகம் கழுவிவிட்டு அம்மாவிடம் வந்தாள். "மாமி, சாமியார்ட்ட சொல்லி அவுகளுக்குப் பூசை வச்சிருவோம்" என்றாள். அம்மா அவளைக் கட்டிக்கொண்டாள். மாதா கோயிலில் உடல் இல்லாமல் நடந்த அந்தத் துக்கப் பூசைக்குத் தெருவே வந்தது. மதினி வெள்ளைச் சேலையில் பிள்ளையோடு முன்வரிசையில் முழங்காலில் நின்றாள்.

அவள் மணப்பாட்டுக்குத் திரும்பிப் போகவில்லை. ஐஸில் கை மரத்துப்போக இறால் கம்பெனியில் வேலை பார்த்து மகனைப் படிக்கவைத்தாள். அவனுக்குப் பத்து வயது இருக்கும்போது, பக்கத்து வீட்டுக் குழந்தைக்குச் சோறு ஊட்டியதைப் பார்த்துவிட்டு வந்து கேட்டான்: "எம்மா, எனக்கு மொதச் சோறு யாரு ஊட்டுனா?"

மதினி மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையைத் தூக்காமல், "ஒங்கப்பாதாம்லே" என்றாள். அம்மாவும் நானும் அங்கேதான் இருந்தோம். அம்மா எழுந்து முற்றத்துக்குப் போனாள். சாகும்வரை அவள் அதைப் பற்றிப் பேசவில்லை, நானும் பேசவில்லை.

போன மாதம் அவனுடைய பேத்திக்குச் சோறு ஊட்டினார்கள். எனக்கும் சொல்லியிருந்தான். தலை நரைத்துவிட்ட அவன் தன் மருமகனின் கையில் கிண்ணத்தைக் கொடுத்து, வந்தவர்கள் கேட்கப் பெருமையாகச் சொன்னான்: "மொத வாய் நீங்கதான் மாப்பிள்ளை ஊட்டணும். எனக்கு எங்கப்பாதான் ஊட்டுனாவ."

மருமகன் போட்டோ எடுப்பவருக்காகக் கிண்ணத்தைப் பிடித்தபடி நின்றான். குழந்தை கையை நீட்டி, வாயைத் திறந்துகொண்டிருந்தது. நாற்காலியில் இருந்த மதினி என் பக்கம் திரும்பவில்லை. குழந்தையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குடுங்கய்யா, சட்டுனு குடுங்க" என்றாள். "பிள்ளையக் காக்க வைக்காதீங்க."