எட்டு கோல் வாங்கிய கோல்கீப்பர்

அறுபதுகளின் கடைசியில், அந்தமானில் சௌல்தாரி கிராமத்தில் நடந்தது இது. ராமநாதபுரம் பக்கத்திலிருந்து நான் கப்பலேறி வந்து இரண்டாவது வருஷம். எட்டாவது வரைக்கும்தான் படிப்பு. லாரியில் தேங்காய் ஏற்றும் வேலை.

பிள்ளைகளே, அந்த வேலை எப்படி நடக்கும் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். குவியலிலிருந்து லாரி வரைக்கும் வரிசையாக நிற்போம். வலது பக்கத்து ஆள் எறியும் காயைப் பிடித்து, இடது பக்கத்து ஆளிடம் எறிய வேண்டும். முகத்தைப் பார்க்க நேரமிருக்காது. காய் வந்துகொண்டே இருக்கும், கை போட்டுக்கொண்டே இருக்கும். எனக்கு இடது பக்கம் எப்போதும் நிற்பவர் பக்கத்து வீட்டு அண்ணன். அவர் பிடித்து லாரிக்கு மேலே போடுவார்.

தை மாசம் அறுவடை முடிந்த வயலில் ஒரு புட்பால் மேட்ச் வைத்தார்கள். எங்கள் கிராமமும் போர்ட் பிளேர் டவுன் டீமும். அவர்கள் பூட்ஸ் போட்டு ஆடுகிறவர்கள். நாங்கள் வெறுங்கால். எங்கள் கோல்கீப்பருக்கு மலேரியா வந்துவிட்டது. அண்ணன் என்னைப் பிடித்து அந்த இடத்துக்குத் தள்ளினார்.

"என் தம்பி கையில வந்த காய் கீழ விழுந்து நான் பாத்ததில்ல. பந்து மட்டும் விழுந்துருமா?"

இதைக் கேட்டுக்கொண்டிருந்தவர் எங்கள் லாரி டிரைவர். டவுன்காரர். பாதி தமிழ், பாதி ஹிந்தியில் பேசுவார். மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளாத மனுஷர், ஆனால் வாய் சும்மா இருக்காது.

"அரே பாய், ஜெயிக்கப்போறது நாங்க. அதுல என்ன பந்தயம்? எட்டு கோல் உங்களுக்கு விட்டுத் தரேன். எட்டுக்கு உள்ள தோத்தா என் வாட்ச் உனக்கு. எட்டுக்கு மேல போனா உன் பக்ரி எனக்கு. டீக், சரியா எட்டுன்னா யாருக்கும் ஒண்ணும் இல்ல. போல், சொல்லு!"

பக்ரி என்றால் ஆடு. அண்ணன் வீட்டில் இருந்த ஒரே பால் ஆடு. அவருடைய பத்து மாதக் குழந்தை அந்தப் பாலில்தான் வளர்ந்தது. பால் பவுடர் வேண்டுமென்றால் மெயின்லேண்டிலிருந்து கப்பல் வர வேண்டும். அண்ணன் ஒரு நிமிஷம் என் கைகளைப் பார்த்தார்.

"சரி" என்றார்.

தன் மனைவியிடம், அதாவது எங்கள் மதினியிடம், அவர் இதைச் சொல்லவே இல்லை.

மேட்ச் அன்றைக்கு ஆட்டை லாரிக்குப் பின்னால் கட்டியிருந்தார்கள். பந்தயப் பொருள் இரண்டும் ஒரே இடத்தில் இருக்கட்டும் என்று டிரைவர் தன் வாட்சைக் கழற்றி ஆட்டுக் கொம்பில் மாட்டிவிட்டார்.

விசில் ஊதியது. முதல் பந்து வந்தது. ஒரே பிடியாகப் பிடித்தேன். கூட்டம் கைதட்டுவதற்குள், என் கை பந்தை இடது பக்கம் போட்டுவிட்டது! அங்கே அண்ணன் இல்லை. டவுன் டீமின் நெட்டைக்காரர்தான் நின்றிருந்தார். அவர் நன்றி சொல்லாத குறையாக அதை உள்ளே தள்ளினார்.

அடுத்த பந்தையும் பிடித்தேன். அதையும் இடது பக்கம் போட்டேன். "போடக்கூடாது, போடக்கூடாது" என்று வாய் சொல்கிறது, கை கேட்டால்தானே! அந்த நெட்டைக்காரர் பிறகு ஓடவே இல்லை. என் இடது பக்கமே நின்று, காத்திருந்து வாங்கிக்கொண்டார். பாதி ஆட்டம் முடியும்போது ஏழுக்குப் பூஜ்யம்.

இடைவேளையில் எல்லோரும் இளநீர் குடிக்கும்போது லாரிக்குப் பின்னால் ஆடு கத்தியது. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆட்டம் பார்க்க வந்திருந்த மதினி, தன் ஆட்டின் குரலைக் கேட்டுப் போய்ப் பார்த்தார். கொம்பில் வாட்ச்.

"என்னங்க, நம்ம ஆடு எதுக்கு வாட்ச் கட்டியிருக்கு?"

அண்ணன் பாதியும், டிரைவர் மீதியுமாகச் சொல்லி முடித்தார்கள். மதினி கத்துவார் என்று நினைத்தேன். அவர் என்னிடம் வந்தார்.

"தம்பி, நீங்க பந்து பிடிக்கல. லோடு ஏத்துறீங்க. தினம் சோறு கொண்டாரேன்ல, எனக்குத் தெரியாதா? உங்க இடது பக்கம் நிக்க வேண்டிய ஆளு இங்க நின்னு இளநி குடிச்சுக்கிட்டு இருக்காரு."

பிறகு அண்ணன் பக்கம் திரும்பினார்.

"ஆட்டை வச்சவரு நீங்கதானே? போய் நில்லுங்க. ஆடு போச்சுன்னா, நாளைலேர்ந்து பால் குடுக்கறது உங்க வேலை."

கிராமத்து மேட்ச்தானே, ஆள் மாற்றுவதற்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என் இடது பக்கம் வந்து நின்றார். வாழ்க்கையில் ஒரு தடவைகூடப் பந்தை உதைக்காதவர். ஆனால் நான் போட்டதும் காலாலோ முழங்காலாலோ தட்டி, ஒரு தடவை முகத்தாலும் தட்டி, வெளியே அனுப்பினார். லோடு சரியாக ஏறியது. நெட்டைக்காரருக்கு வேலை இல்லாமல் போயிற்று. ஒரே ஒரு கோல்தான் போனது. அது உண்மையிலேயே நல்ல கோல், அதைப் பிடிக்க எந்தக் கையாலும் ஆகாது.

எட்டு. இன்னும் ஒன்று போனால் ஆடு போய்விடும். எங்கள் கிராமமே எழுந்து நின்று கத்தியது. எட்டு கோல் வாங்கிய டீமுக்கு அப்படி ஒரு ஆரவாரத்தை நான் அதற்குப் பிறகு எங்கேயும் கேட்டதில்லை.

முடியப்போகிற நேரம். ஒரு பந்தைப் பிடித்து இடது பக்கம் போட்டேன். கொஞ்சம் உயரமாகப் போய்விட்டது, தேங்காய் போகிற உயரத்தில். அண்ணன் இரண்டு கையாலும் அழகாகப் பிடித்து, லாரி மேலே எறிவது போல எறிந்தார்!

"ஹேண்ட்! பெனால்டி!" என்று ரெப்ரி விசிலடித்தார்.

அண்ணன் தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டு நின்றார். மதினி குழந்தையை இறுக்கிக்கொண்டார்.

நெட்டைக்காரர் உதைத்தார். பந்து நேராக என் நெஞ்சுக்கு வந்தது, வரிசையில் வருகிற காய் மாதிரி. பிடித்தேன். கை இடது பக்கம் திரும்பத் தொடங்கியது. அங்கே அண்ணன் இல்லை, பெனால்டிக்காகத் தள்ளி நிற்கச் சொல்லியிருந்தார்கள்.

"போடாத! தம்பி, போடாத! நீயே வச்சுக்கோ!"

அது அண்ணனின் குரல். நான் பந்தை வயிற்றோடு கட்டிக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். நெல் தாள் குத்தியது. விசில் ஊதும் வரைக்கும் எழுந்திருக்கவில்லை.

எங்கள் ஊர்க்காரர்கள் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கே போய்விட்டார்கள். பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒருவர் கேட்டார்.

"யாரு ஜெயிச்சது?"

"அவங்க."

"எத்தனை?"

"எட்டுக்குப் பூஜ்யம்."

"அப்ப தோள்ல இருக்கறவரு?"

"எங்க கோல்கீப்பர்!"

இறங்கிய ஊர் சரிதானா என்பதுபோல் அவர் திரும்பி பஸ்ஸையே பார்த்தார்.

டிரைவர் கொம்பிலிருந்து வாட்சை எடுத்துக் கட்டிக்கொண்டு, ஆட்டுக்கு ஒரு சலாம் வைத்தார். மதினி அதே ஆட்டுப் பாலில் அவருக்கு டீ போட்டுக் கொடுத்தார்.

"ஜெயிச்ச நாங்க சும்மா நிக்கறோம், தோத்த நீங்க ஆடறீங்க. யே க்யா ஹை, பெஹன்ஜி, என்ன கூத்து இது?" என்று டிரைவர் கேட்டுச் சிரித்தார்.

"டீயைக் குடிங்கண்ணே. இனிமே ஆட்டுக் கயிறு என் கையில."

அண்ணன் அதற்குப் பிறகு எதையும் பந்தயம் வைத்ததில்லை. நானும்தான். ஆனால் என் பிள்ளைகள் பரீட்சையிலோ விளையாட்டிலோ தோற்று, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து நின்றால், "எத்தனையில் தோற்றாய்?" என்றுதான் இன்றைக்கும் முதலில் கேட்கிறேன், எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் ஒரு குழந்தையின் பால் இருந்ததை நான் பார்த்திருக்கிறேன் அல்லவா?